நான்காவது விமானம் இறங்கிய நாள்

எனக்கு ஐம்பத்தொரு வயதாகிறது. கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பரிசோதனை பார்க்கிற வேலை. வீடு திருவனந்தபுரம் வலியசாலையில். என் வீட்டுக்காரர் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். போர்விமானங்களைப் படம் எடுக்க இப்படிப்பட்ட ஒருத்தி மொட்டைமாடி தேடி அலைந்தாள் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு என் மகள்தான் காரணம். அவள் மேற்படிப்புக்காக வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, தன் காமிராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். "அங்க இதுக்கெல்லாம் நேரம் இருக்காதும்மா, நீ வச்சுக்கோ" என்றாள். விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் மறைந்த பிறகு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரரை வற்புறுத்திச் சங்குமுகம் கடற்கரைப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். அவள் போகும் விமானம் எழும்பி எங்கள் தலைக்கு மேலே வந்தபோது, காமிராவை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் அழுத்தினேன். படம் கோணலாக விழுந்திருந்தது. ஆனால் ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. அதைப் பெரிதாக்கி, எந்த ஜன்னலில் அவள் இருந்திருப்பாள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் வழியனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போனேன். அப்புறம் அது வழக்கமாயிற்று. என்னைப்போல விமானம் பார்க்கிறவர்கள் அங்கே இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் நான் ஒருத்திதான் பெண். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, யாரோ விற்ற பழைய நீள லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "இது என்ன, குழாய்ப்புட்டுக் குழல் மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு எதைப் பார்த்தாலும் பாத்திரம்தான்.

அந்த வருஷம்தான் குழுவில் அந்தச் செய்தி வந்தது. பல நாட்டு விமானப்படைகள் நம் படையோடு சேர்ந்து பயிற்சி செய்யப்போகின்றன, அவற்றில் சில விமானங்கள் கொஞ்ச நாள் நம் ஊரில் தங்கிக் கடலுக்கு மேலே பறக்கும் என்றார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். அதுவரை நான் எடுத்ததெல்லாம் வளைகுடாவுக்குப் போகிற பயணி விமானங்கள்தான். போர்விமானத்தை நான் குடியரசு தினத்தன்று டிவியில் பார்த்ததோடு சரி.

குழுவில் மூத்தவர் ஒருவர், ரிட்டயர் ஆன வங்கிக்காரர், காவல் நிலையத்துக்கு நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தார். வானத்தில் பறப்பதையும் ஓடுபாதையில் எழும்பி இறங்குவதையும் எடுக்கலாம், விமானங்கள் நிறுத்தியிருக்கும் இடத்தின் பக்கம் காமிராவைத் திருப்பவே கூடாது, சாலையோரத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சாலையோரம் கூடாது என்றால் வேறு எங்கே நிற்பது? யாராவது தெரிந்தவர் வீட்டு மாடிதான் வேண்டும்.

அப்போது எனக்குச் சேச்சி ஞாபகம் வந்தது. என்னிடம் கண் பரிசோதனைக்கு வந்த மீனவக் குடும்பத்துப் பெண்மணி அவர்; அக்கா என்கிற மாதிரி சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். வலது கண்ணில் புரை. சோதனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "எங்க வீட்ல பிளேட்டெல்லாம் ஷெல்ஃபிலிருந்து தானே எறங்கி வரும் டாக்டரே, விமானம் போகும்போ" என்று சொல்லியிருந்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டர்தான். வீடு ஓடுபாதையின் ஒரு முனைக்குப் பக்கத்தில், கடலுக்கும் விமான நிலைய மதிலுக்கும் நடுவே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் கடல் பக்கம் இருக்கும். ஓடுபாதை முழுக்க வெயில் விழும். படம் எடுக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்காரரோடு போய்க் கேட்டேன். சேச்சி ஒரே வார்த்தையில் சம்மதித்தார்.

"மேல போயிக்கோ. வலைய மட்டும் மிதிக்காண்டாம்."

மாடிக்குப் படி கிடையாது. சுவரில் சாய்த்து வைத்த இரும்பு ஏணிதான். என் வீட்டுக்காரருக்கு ஏணி என்றாலே பயம். கடையில் மேல்தட்டுப் பாத்திரம் எடுக்கக்கூட ஆளை விடுவார். நான் ஏறிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வரலியா?"

"நான் இங்கன நின்னு பிடிச்சுக்கிடுதேன். நீ எடு."

"ஏறிட்டேன்லா, இனி எதுக்குப் பிடிக்கிய? குடை பிடிக்க ஆள் வேணும், வாங்கோ."

சேச்சி வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணாச்சிக்கு ஏணி ஏற, கடல்ல போற மாதிரி பயமோ?" அதைக் கேட்டதும் ரோஷம் வந்து ஏறினார். மேலே வந்ததும் வலைகளுக்கு நடுவே கிடந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தவர், அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

முதல் நாள், நாங்கள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே ஒரு போலீஸ்காரர் ஏணியில் ஏறி வந்துவிட்டார். இளம் வயது. கீழே ரோந்து போனவருக்கு என் லென்ஸ் தெரிந்திருக்கிறது.

"யாரு நீங்க? இங்க என்னா பண்ணுறது?" மலையாளத்தில் ஆரம்பித்தவர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில் இப்படிக் கேட்டார்.

நான் ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டினேன். காவல் நிலையத்தில் எங்கள் குழு கேட்டுவந்ததைச் சொன்னேன். அவர் ஃபோன் பண்ணி விசாரித்தார். காமிராவை வாங்கி அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் வளைகுடா விமானங்களும், நடுநடுவே எங்கள் பூனையும்.

"அந்தப் பக்கம் எடுக்கக் கூடாது, கேட்டோ" என்று விமானங்கள் நிற்கிற திசையைக் கையால் மறைத்துக் காட்டினார். "ரன்வே மாத்திரம்."

"சரி தம்பி."

அவர் திரும்பி ஏணியில் ஒரு கால் வைத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பயணி விமானத்தின் சத்தம் எனக்குப் பழக்கம். அது ஒரு முழக்கம், தூரத்திலிருந்து வளர்ந்து வரும். இது அப்படி வரவில்லை. ஓடுபாதையின் மறுமுனையில், கானலுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியின் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நெருப்பு தெரிந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. மாடித் தளம் நடுங்கியது. அப்புறம் நெஞ்செலும்புக்குள் யாரோ கைவிட்டு உலுக்கியது மாதிரி இருந்தது. பல் கிட்டித்தது. புள்ளி பறவையாகி, பறவை முக்கோணமாகி, மூக்கைத் தூக்கி எங்கள் நேருக்கு வந்து, தலைக்கு மேலே சாய்ந்து, நெட்டுக்குத்தாக மேலே போனது. அதன் வயிற்றுப் பக்கத்தில் மழை வழிந்து காய்ந்த கறைகள்கூடத் தெரிந்தன. எந்த நாட்டுக் கொடி என்று பார்க்க நேரமில்லை. பின்னாலேயே இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

சத்தம் அடங்கியது. போலீஸ்காரர் ஏணியில் ஒரு காலும் மாடியில் ஒரு காலுமாக அப்படியே நின்றார். தொப்பி கையில் இருந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தார்.

"அம்மாடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உள்ள ஒரு ஆளு இருக்கானா, இதுல?"

"இருக்கான்."

"ஒத்த ஆளா?"

"ஒத்த ஆளு."

அவர் நம்பாதவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு நான் எடுத்த படங்களைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பயணி விமானம் எடுத்துப் பழகிய கை, போர்விமானத்தின் வேகத்துக்கு எங்கே போகும்? ஒரு படத்தில் வால், ஒரு படத்தில் வெறும் மேகம், ஒன்றில் சேச்சி வீட்டுத் தென்னை ஓலை. ஆனாலும் அன்று முழுவதும் நான் மிதந்துகொண்டுதான் இருந்தேன். இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் தாமாகவே, "நாளைக்கும் போவம்லா?" என்று கேட்டார். கடையை மத்தியானம் தம்பியிடம் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் பண்டிகை, கல்யாணம், சாவு தவிர வேறு எதற்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஓரளவு கை பழகியது. விமானத்தைத் துரத்தாமல், அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே இடுப்பைத் திருப்பிக் காத்திருக்க வேண்டும் என்று புரிந்தது. வந்திருந்த விமானங்கள் எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. நம் தேஜஸ் சின்னது, சிட்டுக்குருவி மாதிரித் துள்ளி எழும்பியது. நடுவானில் மற்ற விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிற டேங்கர், நிறைமாதக்காரி போல நிதானமாக நகர்ந்தது. ஓர் ஐரோப்பிய நாட்டிலிருந்து வந்த நான்கு முக்கோண இறக்கை விமானங்கள்தான் என் மனதைக் கவர்ந்தவை. முதல் நாள் எங்கள் நெஞ்சை உலுக்கிப் போனவை அவைதான். நான்கும் எப்போதும் சேர்ந்து போகும், சேர்ந்து வரும்.

மூன்றாம் நாள் அப்படி வரவில்லை.

அன்று மத்தியானம் நல்ல வெயில். நான்கும் எழும்பிப் போயின. சேச்சி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார். அவர் கணவரும் தம்பியும் கடலுக்குப் போயிருந்தார்கள், சாயங்காலம் கரை சேருவார்கள் என்றார். போலீஸ்காரரும் வந்துவிட்டார். அந்தப் பக்கம் ரோந்து வந்தபோது எங்களைச் 'சோதிக்க' ஏறியதாகச் சொல்லிக்கொண்டார். சாயாவும் குடித்தார்.

கடல் பக்கம் திரும்பியபோதுதான் மேகம் தெரிந்தது. இந்த ஊரில் மழைக்காலத்தில் மேகம் வருவது புதிதில்லை. ஆனால் அது கடலுக்கு மேலே ஒரு சுவர் மாதிரி நின்றது. அடிப்பகுதி கறுப்பு. அதன் கீழே கடல் வெள்ளையாகத் தெரிந்தது. காற்று சட்டென்று குளிர்ந்தது. வலைகளின் ஓரம் படபடக்கத் தொடங்கியது.

விமானங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் வந்தன. முதலாவது இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது இறங்கும்போது ஓடுபாதையின் பாதி வெயிலிலும் பாதி மழையிலும் இருந்தது. அதற்குப் பிறகு மழை எங்கள்மேல் விழுந்தது. பெய்தது என்று சொல்ல முடியாது, யாரோ குடத்தோடு கவிழ்த்தது மாதிரி விழுந்தது.

"எறங்கு, எறங்கு" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் ஒண்ணு வரணும்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"நாலு போச்சு. மூணுதான் வந்திருக்கு."

அவர் வானத்தைப் பார்த்தார். குடையை விரித்து என் காமிராவுக்கு மேலே பிடித்தார். அவர் முழுக்க நனைந்துகொண்டிருந்தார். கீழேயிருந்து சேச்சியும் ஏறி வந்தார், தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு.

நான்காவது வந்தது. முதலில் சத்தம் மட்டும். அப்புறம் மழைக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள். எங்கள் மாடிக்குக் கொஞ்சம் வடக்கே, கடலின் மேலே, மிகவும் தாழ்ந்து. விளக்குகள் நேராக வரவில்லை, ஓடுபாதைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி வந்தன. சட்டென்று எஞ்சின் அலறியது. விளக்குகள் மேலே போய் மேகத்தில் மறைந்தன.

"எறங்கலியே?" என்றார் போலீஸ்காரர்.

 சத்தம் நகரத்தின் பக்கம் போய், சுற்றி, மறுபடி கடல் பக்கம் வந்தது. காதால்தான் பின்தொடர முடிந்தது. இரண்டாம் தடவை விளக்குகள் தெரிந்தபோது ஓடுபாதைக்கு நேராகத்தான் இருந்தன. இறங்கிவிடும் என்று நினைத்தேன். மதிலைத் தாண்டிய நேரம் ஒரு காற்று அடித்தது. சேச்சி தலையிலிருந்த சாக்கு பறந்துபோனது. விமானத்தின் ஓர் இறக்கை கீழே சாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தது. மறுபடியும் அந்த அலறல். மறுபடியும் மேகம்.

சேச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல இறுக்கமான பிடி. அவர் ஓடுபாதையைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கடலையும் பார்த்துக்கொண்டிருந்தார், வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார், மாறி மாறி.

"அவனுக்கு கரை தெரியணும்லா" என்றார். "இங்கேர்ந்து நமக்கு அவனைத் தெரியுது. அவனுக்கு நம்மளத் தெரியாது. எனக்கறியாம் இது. எத்தற தடவை நின்னிருக்கேன் இப்பிடி."

அவர் வாய் முணுமுணுக்கத் தொடங்கியது. மாதாவைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரரும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாரைக் கூப்பிட்டார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மூன்றாம் தடவை அது வந்த விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. விமானம் முழு உருவமாகத் தெரிந்தது. மூக்கு ஓடுபாதையைப் பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்து, காற்று வருகிற பக்கம் பார்த்து இருந்தது. ஆனால் விமானம் போனதோ ஓடுபாதைக்கு நேராக. நண்டு மாதிரி, பக்கவாட்டில் நடந்து வந்தது அந்த இரும்பு. அதனால் அதன் முகம் எங்கள் மாடியைப் பார்த்தபடி வந்தது. ஒரு கணம் என் லென்ஸுக்குள் கண்ணாடிக் கூண்டும், அதற்குள் ஒரு வெள்ளைத் தலைக்கவசமும் தெரிந்தன. தலைக்கவசம் முன்னால் பார்க்காமல் தோளுக்கு மேலே திரும்பி, ஓடுபாதை எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கு நேரானது. எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பதறாமல்! தொட்டது. பின்னால் தண்ணீர் இரண்டு பெரிய இறக்கைகளாக எழும்பியது. வாலிலிருந்து பாராசூட் விரிந்து, நனைந்த துணி மாதிரித் தொங்கி, பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் வேகம் குறைந்து, குறைந்து, சாதாரண வண்டி மாதிரி வளைந்து போனது.

போலீஸ்காரர் கைதட்டினார். தட்டிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்காரர் குடையை இன்னும் காமிரா இருந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். காமிரா என்னோடு கீழே வந்துவிட்டது. நான் ஈர வலைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். சேச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மழை விட்ட பிறகு சேச்சியின் கணவரும் தம்பியும் கரை சேர்ந்தார்கள். அதுவரை நாங்களும் அவரோடு கடற்கரையில் நின்றோம். அவர்கள் படகை இழுத்து ஏற்றியபோது வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் மழைக்கோடுகள். ஆனால் ஒன்றே ஒன்று. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் இருக்கும். மூக்கு எங்களைப் பார்த்து. கூண்டுக்குள் திரும்பிய அந்தத் தலை. பின்னால் ஓடுபாதை முழுக்க வெள்ளித் தகடு மாதிரித் தண்ணீர். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"இது நீயா எடுத்தே?"

"நீங்க குடை பிடிச்சிய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பயிற்சி முடிகிற சமயத்தில் ஒரு நாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். விமானங்களை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் விமானிகளையும் நிற்க வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைக் கிழக்கேகோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். சேச்சியையும் அழைத்துப் போனோம். கிறிஸ்துமஸுக்கு உடுத்துகிற பட்டுச்சேலையில் வந்திருந்தார்.

கிட்டத்தில் பார்த்தபோது விமானம் வேறு மாதிரி இருந்தது. வானத்தில் அவ்வளவு வழவழப்பாகத் தெரிந்ததன்மேல் ஆயிரக்கணக்கான சின்னத் திருகாணிகள். அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பிடிக்க ஒரு தட்டு வைத்திருந்தார்கள். பெயிண்ட் சில இடங்களில் உரிந்திருந்தது. சேச்சி குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இத்தறயும் சின்னச் சக்கரமா!" என்றார். "இதிலயா அன்னைக்கு எறங்கினது?"

விமானிகள் நான்கு பேர் நின்றார்கள். எந்த விமானம், எந்த ஆள் என்று எனக்குத் தெரியாது. அட்டையைத் திறந்து முதலில் நின்றவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். திரும்பி, கடைசியில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டார். வந்தவருக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நம் ஊர் வெயிலில் மூக்கு சிவந்து தோலுரிந்திருந்தது.

படத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர் நகரவில்லை.

"இது நான்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, கூண்டுக்குள் இருந்த தலையின்மேல் விரலை வைத்து, "நான் இந்தப் பக்கமா பார்த்துக்கொண்டிருந்தேன்?" என்று என்னிடமே கேட்டார்.

"ஆமாம்."

"எனக்கு ஞாபகமே இல்லை."

எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், நான் இறங்குவதை நான் பார்த்ததே இல்லை என்றார். மற்ற மூவரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முதல் தடவை ஓடுபாதையே தெரியவில்லை, இரண்டாம் தடவை தெரிந்தது, ஆனால் காற்று தூக்கிவிட்டது என்று சொன்னார். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எங்கே நின்றோம் என்று கேட்டார். மதிலுக்கு அப்பால் தெரிந்த வீடுகளின் பக்கம் கையைக் காட்டினேன்.

"அந்த மழையிலா? நீங்கள் பைத்தியமா?"

"நீங்கள் அந்த மழையில் பறந்தீர்களே" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். காரில் வரும் வழியெல்லாம் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், உங்களுக்குப் பயமாக இருந்ததா?"

அந்தப் பையன் அவரை நேராகப் பார்த்தான். பையன் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. "மேலே இருக்கும்போது அதற்கு நேரமில்லை" என்றான். "இறங்கி, எஞ்சினை நிறுத்தின பிறகு, தலைக்கவசத்து வாரைக் கழற்றப் போனேன். விரல் கேட்கவில்லை. இவர்தான் ஏறி வந்து கழற்றிவிட்டார்." பக்கத்தில் நின்ற நடுவயது மெக்கானிக்கைக் காட்டினான். அவர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்.

சேச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். அவர் போய், தன் இரண்டு கைகளாலும் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

படத்தைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். அதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்றேன். அம்மாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னான். பின்பக்கத்தில் ஏதாவது எழுதச் சொன்னான்.  தமிழில் 'திருவனந்தபுரம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அந்த எழுத்துகளை அவன் படத்தைப் பார்த்த மாதிரியே பார்த்தான்.

விமானிகள் தங்கள் நாட்டுக்குத் திரும்பிய நாள் எனக்கு லீவு கிடைக்கவில்லை. எடுக்கக்கூடிய லீவையெல்லாம் மாடியிலேயே தீர்த்திருந்தேன். காலையில் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிவதற்காக வராந்தா பெஞ்சில் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்திருந்தோம். அந்த மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், வெளிச்சம் கூசும்.

நான் உள்ளே ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, தவறான திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தா சப்தம் சிஸ்டரே? எந்தா அது?"

"ஒண்ணும் தெரியலியே அம்மா, எல்லாம் புகையா இருக்கு."

என்னிடம் காமிரா இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கடல் பக்கமிருந்து அவை நகரத்துக்கு மேலே ஒரு சுற்று வந்தன. நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி தமிழ், பாதி மலையாளம்.

"விமானம். சண்டை விமானம். முக்கோணமா இருக்கு. முதல் ஒண்ணு வருது, அதுக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு, பின்னால இன்னொண்ணு. ரொம்பப் பக்கத்துல பறக்குது, இறக்கையோட இறக்கை உரசுற மாதிரி. இப்போ கோட்டைக்கு மேல வருது. சாயுது. வெயில் படுது, மேல்பக்கம் மின்னுது."

"எத்தற எண்ணம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கையால் காற்றைத் துழாவி என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"நாலு" என்றேன். "நாலும் இருக்கு."

"இப்போ?"

"போயிட்டிருக்கு. கடலுக்கு மேல. சின்னதா ஆயிட்டு வருது. இன்னும் தெரியுது."

சத்தம் ஓய்ந்த பிறகும் யாரும் உட்காரவில்லை. அந்தப் பெரியவர் விரிந்த கண்களோடு, கடல் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டிருந்தார். "இன்னும் தெரியுதா மோளே?" என்று கேட்டார்.

தெரிகிறது என்றேன். நிஜமாகவே தெரிந்தது, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.